லிஃப்ட் நின்றுபோன பிறகு

என் பிள்ளைகள் இருவரும் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு இருந்தது அரை மணி நேரத்துக்கும் குறைவுதான். கரண்ட் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்று, உள்ளே விளக்கும் அணைந்துவிட்டது. ஆட்கள் வந்து கதவைத் திறந்து இறக்கிவிட்டபோது ஒரு சிராய்ப்புகூட இல்லை. பெரியவளுக்கு 10 வயது, சின்னவனுக்கு 6. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள்: "ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை."

ஆகியிருந்தது. அது என்னவென்று புரிய எங்களுக்கு நாளாயிற்று. லிஃப்ட் என்பதால் பலருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் நாய் துரத்திய குழந்தை, வண்டி கவிழ்ந்ததைப் பார்த்த குழந்தை, கூட்டத்தில் தொலைந்து கிடைத்த குழந்தை என்று மற்ற பெற்றோரிடம் கேட்டபோது கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொன்னார்கள். சம்பவம் பெரியதா சிறியதா என்பதைப் பெரியவர்கள் அளப்பது ஒரு கோல். குழந்தை அளப்பது வேறு கோல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிக்குள் சின்னவனை உலுக்கியது இருட்டு மட்டும் இல்லை, தன்னால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை என்ற நிலைதான். பிறகு நாங்கள் செய்தவற்றில் உதவியவை எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்தவை. "பயப்படாதே" என்று சொன்னது எதுவும் உதவவில்லை. பயத்தைப் போக்கியே ஆகவேண்டும் என்கிற அவசரம் நமக்குத்தான். குழந்தைக்கு வேண்டியது, பயத்தை வைத்துக்கொண்டே செய்யக்கூடிய ஏதாவது ஒரு காரியம்.

முதல் சில மணி நேரத்தில் பேச்சு உள்ளே ஏறாது. சின்னவனுக்குக் கை ஜில்லிட்டுப் பல் அடித்துக்கொண்டது. அட்ரினலின் செய்கிற வேலை அது: இதயம் அடித்துக்கொள்ளும், ரத்தம் பெரிய தசைகளை நோக்கி ஓடும், விரல் நுனிகள் குளிர்ந்துபோகும். அந்த நேரத்தில் போர்வை, மடி, வெளிச்சம், தெரிந்த குரல், இவ்வளவு போதும். நடுக்கத்தை அடக்கச் சொல்ல வேண்டியதில்லை, அது தானாக வடியும்.

பார்க்க வந்தவர்கள்தான் பெரிய தொல்லை. "என்னடா ஆச்சு? உள்ள இருட்டா இருந்துச்சா? அழுதியா? முழுசா சொல்லு." ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது நல்லெண்ணத்தில் வரும் யோசனைதான். ஆனால் அதிர்ச்சிக்குள்ளானவரை உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லவைப்பது பலன் தருவதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்து, உலக சுகாதார நிறுவனம் அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. 2011-ல் அந்த நிறுவனமும் இன்னும் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு கேட்பது எளிய விஷயங்கள்: என்ன தேவை என்று பார், அவர்கள் பேசினால் கேள், உரியவர்களோடு சேர்த்துவிடு. துருவாதே என்பது அதில் திரும்பத் திரும்ப வரும். குழந்தை பேசினால் காது கொடுக்க வேண்டும், பேசாவிட்டால் பக்கத்தில் இருக்க வேண்டும். விசாரிக்க வந்தவர்களை என் கணவர் வாசலிலேயே நிறுத்தி, விவரத்தைத் தானே சொல்லி அனுப்பினார். அது பெரிய உதவி.

மூச்சுப் பயிற்சி பற்றி ஒரு சின்னக் குறிப்பு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும், வெளியே விடும்போது கொஞ்சம் மட்டுப்படும். அதனால் நிதானமாக, நீளமாக மூச்சு விடுவது உடம்பை அமைதிக்குக் கொண்டுவரும். ஆனால் அரண்டுபோன 6 வயதுப் பிள்ளையிடம் "மூச்சை மெதுவா விடு" என்றால் இன்னும் வேகமாகத்தான் மூச்சு வாங்கும். சோப்புத் தண்ணீரும் வளையமும் கொடுத்தோம். வேகமாக ஊதினால் குமிழி உடையும், நிதானமாக ஊதினால்தான் பெரிதாக வரும். பெரிய குமிழி வரவேண்டும் என்பதற்காக உதட்டைக் குவித்து, கண்ணை இடுக்கி, கஞ்சத்தனமாகக் காற்றை விட்டான். மூச்சுப் பயிற்சி செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் வந்த வாரங்கள்தான் கடினம். குளியலறைக் கதவைச் சாத்தவிடவில்லை. மேலே ஓடும் காற்றாடியின் சத்தத்தைக் கேட்டாலும் முகம் மாறும், லிஃப்ட்டுக்குள் இருந்த சின்ன விசிறியின் சத்தம் அதே போன்றதாம். காருக்குள் கதவு பூட்டிக்கொள்ளும் 'டக்' ஓசைக்குத் துள்ளினான். எப்போதோ நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பது திரும்ப வந்தது, விரல் சூப்புவது வந்தது. நான் அடுத்த அறைக்குப் போனால் பின்னாலேயே வருவான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை வீட்டுக்குள்ளேயே பார்த்தோம்.

மூளையில் அமிக்டலா என்றொரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆபத்தோடு சேர்ந்து பதிந்த ஓசை, வெளிச்சம், வாசனை எது திரும்ப வந்தாலும், யோசித்துப் பார்க்கிற பகுதிகள் முடிவு சொல்லும் முன்பே அது உடம்பை உசுப்பிவிடும். நிழல் அசைந்தாலே விசில் ஊதுகிற புது வாட்ச்மேன் போல. இதை அவனாக வேண்டுமென்று செய்வதில்லை என்று தெரிந்தபோது எங்கள் எரிச்சல் பாதி குறைந்தது. குழந்தை அடம் பிடிக்கிறது, நடிக்கிறது, செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்றெல்லாம் சொல்பவர்களுக்கு நான் ஒரு பழைய கதையைச் சொல்வதுண்டு.

1924 செப்டம்பரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் வந்தது. நாய்களுக்குப் பழக்கங்களைக் கற்றுக்கொடுத்து ஆராய்ந்த விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்களைக் கூண்டுகளிலிருந்து வெள்ளத்தில் நீந்தவைத்துப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். எல்லாம் பிழைத்தன. ஆனால் சில நாய்கள் அதுவரை கற்றிருந்த பழக்கங்களை இழந்துவிட்டன. பொறுமையாகத் திரும்பப் பழக்கி ஒரு நாய் பழைய நிலைக்கு வந்த பிறகு, பாவ்லோவின் குழுவினர் அது நின்ற அறையின் கதவுக்கு அடியில் சத்தமில்லாமல் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். தரையில் ஒரு சின்னத் தேக்கம், அவ்வளவுதான். நாய் துள்ளி எழுந்து மூச்சு வாங்கியது, தப்பி ஓடப் பார்த்தது. திரும்பக் கற்றதெல்லாம் மறுபடி போயிற்று. அந்த நாய்க்கு யாரும் செல்லம் கொடுத்துக் கெடுக்கவில்லை.

சின்னவன் ராத்திரிகளில் எங்களோடு படுத்தான். படுக்கட்டும் என்று விட்டோம். நனைந்த படுக்கையைப் பேச்சில்லாமல் மாற்றினோம். தூக்கத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. கெட்ட கனவு பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில் வரும். குழந்தை விழித்துவிடும், கனவைச் சொல்லும், ஆறுதல் தேடும். இன்னொன்று, தூங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து வீறிட்டு எழுவது. கண் திறந்திருக்கும், நம்மை அடையாளம் தெரியாது, காலையில் எதுவும் நினைவிருக்காது. இதில் உலுக்கி எழுப்பக் கூடாது, அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். முதல் வகைக்கு, பகலில் அந்தக் கனவை வரையச் சொல்லி, முடிவை அவன் இஷ்டப்படி மாற்றச் சொன்னோம். லிஃப்ட்டுக்குச் சக்கரம் வைத்துச் சுவரைப் பிளந்து வெளியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அவனைப் படுத்திய உண்மையான விஷயம் வரைந்துகொண்டிருந்தபோதுதான் வெளியே வந்தது. பென்சிலால் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தவன், நிமிராமலே கேட்டான்.

"அம்மா, நான் ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினேன். அதான நின்னுச்சு?"

இத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். இரண்டு பொத்தானை அமுக்காதே என்று யாரோ எப்போதோ அதட்டியிருந்தார்கள். கரண்ட் போனதையும் தன் விரலையும் முடிச்சுப் போட்டுவிட்டான். இந்த வயதில் உலகமே தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது குழந்தையின் கணக்கு. அப்பாவுக்குக் கோபம் வந்தால் தன்னால், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் தன்னால். பெரிய பிள்ளைகளும் இதில் விதிவிலக்கு இல்லை.

1976 ஜூலையில் கலிஃபோர்னியாவில் சௌசில்லா என்ற ஊரில் ஒரு பள்ளிப் பேருந்தைக் கடத்தி, 26 குழந்தைகளையும் ஓட்டுநரையும் ஒரு கல்குவாரியில் புதைத்து வைத்திருந்த லாரிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். 16 மணி நேரம் கழித்து அவர்களே வழி உண்டாக்கி வெளியே வந்தார்கள், எல்லோரும் உயிரோடு. லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து சந்தித்தார். நான்கைந்து வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் ஒவ்வொரு குழந்தையிடமும் அதன் தடயம் இருந்தது. அவர் கவனித்தவற்றில் ஒன்று, பல குழந்தைகள் முன்கூட்டியே ஏதோ ஒரு சகுனம் வந்ததாகவும், அதைத் தாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டதாகவும் நம்பினார்கள். நினைத்துப் பார்த்தால் இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. காரணமே இல்லாமல் எதுவும் எப்போதும் நடக்கலாம் என்பதை ஏற்பதைவிட, என் தப்பால் நடந்தது என்று நம்புவது ஒரு விதத்தில் சுலபம். தப்பு என்னுடையது என்றால் அடுத்த முறை சரியாக நடந்துகொண்டு தடுத்துவிடலாமே.

அதனால் "உன் தப்பு இல்லைடா கண்ணா" என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. தப்பை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் உண்மையான காரணத்தை வைக்க வேண்டும். என் கணவருக்கு இயந்திரங்களில் கொஞ்சம் ஆர்வம் உண்டு. தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் வரைந்தார்கள். இரண்டு பொத்தானை அமுக்கினால் லிஃப்ட் இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போகும், நிற்காது. பெட்டியைத் தாங்குவது ஒரு கயிறு இல்லை, பல எஃகுக் கயிறுகள். அந்த லிஃப்ட்டின் பிரேக்கை எப்போதும் அழுத்திப் பிடித்திருப்பவை ஸ்பிரிங்குகள். ஓடும்போது மின்சாரம்தான் அந்தப் பிடியைத் திறந்து வைத்திருக்கிறது. கரண்ட் போன நொடியில் ஸ்பிரிங் கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

"அப்ப அது கெட்டுப்போகலையா?"

"இல்லடா. உங்களைக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. அதான் நின்னுச்சு."

இதற்கு அவன் முகம் போன போக்கை எழுத்தில் கொண்டுவர முடியாது. அன்று அந்த பிரேக்கை மட்டும் தனித்தாளில் திரும்பத் திரும்ப வரைந்தான். லிஃப்ட்டுக்குப் பாதுகாப்பு பிரேக் செய்த எலிஷா ஓட்டிஸ் 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் ஒரு மேடைமேல் ஏறி நின்று, தாங்கிய கயிற்றை வெட்டச் சொல்லி, மேடை விழாமல் நிற்பதைக் கூட்டத்துக்குக் காட்டிய கதையையும் கேட்டுத் தெரிந்துகொண்டான். உள்ளே காற்றுத் தீர்ந்துவிடுமா என்று கேட்டான். பெட்டி காற்றுப் புகாதபடி மூடியது கிடையாது, இடுக்குகளும் துவாரங்களும் உண்டு. பெட்டிக்குள் அவன் மூச்சை அடக்கி அடக்கி விட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. காற்றை மிச்சம் பிடிக்க.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை: "இனிமே நிக்கவே நிக்காது." அப்படிச் சத்தியம் செய்து, மறுபடி நின்றுபோனால் அதன் பிறகு நம் வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இருக்காது. நிற்கலாம், நின்றால் இன்னதைச் செய்ய வேண்டும், ஆட்கள் இப்படி வருவார்கள் என்றுதான் சொன்னோம்.

விளையாட்டு தனிக் கதை. தலையணைகளை நான்கு பக்கமும் நிறுத்தி, உள்ளே பொம்மைகளைப் போட்டு மூடி, "கரண்ட் போச்சு!" என்று கத்துவான். திரும்பத் திரும்ப அதே ஆட்டம். பார்க்கிற நமக்கு வயிற்றைப் பிசையும். நிறுத்தச் சொல்லத் தோன்றும். நிறுத்த வேண்டாம், ஆனால் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்த சௌசில்லா குழந்தைகளிடம் டெர் கண்ட விளையாட்டு சந்தோஷமில்லாதது, ஒரே தடத்தில் சுற்றுவது, விளையாடிய பிறகும் பதற்றம் குறையாதது. கதை நகர்கிறதா, முடிவு மாறுகிறதா, யாராவது உதவிக்கு வருகிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது. எங்கள் வீட்டில் முதலில் பொம்மைகள் உள்ளேயே கிடந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த முயலுக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "பேசிக்கிட்டே இருக்கணுமாம். சும்மா இருந்தா பயமா இருக்காம்." முயலோடு பேச ஒரு கரடியை உள்ளே அனுப்பினான். சில நாளில் மெக்கானிக் வந்தார். அப்புறம் ஆட்டமே சலித்து, தலையணைகள் கோட்டையாக மாறின.

அந்த முயலை அவன் பொறுப்பில் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2006-ல் இஸ்ரேல், லெபனான் போரின்போது இடம்பெயர்ந்த 2 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் அவி சாதே என்ற உளவியலாளரின் குழு ஒரு நாய்க்குட்டி பொம்மையைக் கொடுத்தது. இது வீட்டை விட்டுத் தூரமாக வந்துவிட்டது, சோகமாக இருக்கிறது, இதற்கு நண்பர்கள் இல்லை, நீ பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. பொம்மையைக் கட்டிக்கொண்டு கவனித்த குழந்தைகளிடம் பதற்றத்தின் அறிகுறிகள் குறைந்ததாக 2008-ல் வெளியிட்டார்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றிருந்த குழந்தையை, இன்னொருவரைப் பார்த்துக்கொள்கிறவராக மாற்றியதுதான் அதில் நடந்தது என்று நினைக்கிறேன்.

இனி பெரியவள். உள்ளே இருந்தபோது அலாரம் அடித்தது அவள், தம்பியைக் கட்டிப்பிடித்துக் கதை சொன்னதும் அவள். வெளியே வந்ததும் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். "தைரியசாலி", "உங்க பொண்ணு சிங்கக்குட்டி". அவளும் சிரித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள், பரீட்சை எழுதினாள். எங்கள் கவனமெல்லாம் சின்னவன்மேல். அவளிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் பிடித்தது என் மாமியார். "இவ தினமும் வயிறு வலிக்குதுங்கறா, லீவு நாள்ல மட்டும் வலிக்கலை, பாத்தீங்களா?" பள்ளிக் கட்டடத்தில் அவள் வகுப்பு மேல்மாடிக்கு மாறியிருந்தது, அங்கே லிஃப்ட்டில் ஏற்றிவிடுவார்கள். வீட்டில் உடற்பயிற்சி என்று சொல்லிப் படியேறிக்கொண்டிருந்தாள். நாங்களும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தைரியசாலி என்று பட்டம் கொடுத்துவிட்டால் அந்தக் குழந்தை பயந்ததைச் சொல்ல வாசல் அடைபட்டுப்போகிறது. உள்ளே அவளுக்கு ஒரு வேலை இருந்தது, தம்பியைப் பார்த்துக்கொள்வது. வேலை இருந்தவரை தாங்கினாள், முடிந்த பிறகுதான் பயம் வந்து சேர்ந்தது. என் கருத்துக்கு இது கொஞ்சம் இடிக்கிறது என்பது தெரிகிறது. வேலை பயத்தைத் தள்ளிப்போடவும் செய்யும். அதுவும் அந்த வேலை வயதுக்கு மீறியதாக இருந்தால்.

அவளிடம் நேராகக் கேட்டால் "ஐயோ அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல" என்பாள். காரில் போகும்போது, முகம் பார்க்க வேண்டாத நேரத்தில், "எனக்கா இருந்தா அழுதிருப்பேன்" என்று சும்மா சொல்லிவைத்தேன். ரொம்ப தூரம் போன பிறகு, "நான் அழுதா அவனும் அழுவான்ல" என்றாள். அப்புறம் அழுதாள். பெரிய பிள்ளைகளுக்கு இந்தப் பக்கவாட்டுப் பேச்சு உதவுகிறது. கண்ணைப் பார்த்து உட்காரவைத்துக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும்.

அவள் விளையாடுகிற வயதைத் தாண்டிவிட்டாள், எழுதினாள். நடந்ததை முதலிலிருந்து, அவளுக்கு முடிந்த அளவு, கொஞ்சம் கொஞ்சமாக. மோசமான இடம் வந்ததும் மூடிவைத்துவிடுவாள், இன்னொரு நாள் அந்த இடத்திலிருந்து தொடர்வாள். கடைசியில் அதிலிருந்து ஒரு அறிவிப்பும் தயாரித்தாள்: லிஃப்ட் நின்றால் கதவை நெம்பக் கூடாது, அலாரத்தை இடைவெளி விட்டு விட்டு அழுத்த வேண்டும், கீழே உட்கார்ந்துகொள்ள வேண்டும், பராமரிப்பவரின் எண் இது. குடியிருப்போர் அதை லிஃப்ட்டுக்குள்ளேயே ஒட்டிவிட்டார்கள். எழுத்துப் பிழைகளோடு.

பெற்றோரின் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்கமும் 1943-ல் வெளியிட்ட பதிவுகளில் ஒன்று இன்றும் பொருந்துகிறது. குண்டுவீச்சைவிட தாயைப் பிரிந்ததுதான் சின்னக் குழந்தைகளை அதிகம் உலுக்கியது, தாய் பதறாமல் இருந்தால் குழந்தையும் பெரும்பாலும் சமாளித்தது. இதைப் படித்ததும் பதற்றத்தை மறைத்து நடிக்க வேண்டுமோ என்று தோன்றும். நடிப்பு பலிக்காது, பிள்ளைகள் நம் கை இறுக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும். "எனக்கும் கொஞ்சம் படபடன்னு இருக்கு. மூச்சு விட்டுட்டு ஏறலாம்" என்று சொல்லிவிட்டு ஏறுவது நடிப்பைவிட நன்றாக வேலை செய்கிறது.

பாசத்தில் நாம் செய்கிற சில உபகாரங்கள் பயத்துக்குத் தீனியாகும். குடும்பமே படியேறுவது, கதவுகளை எல்லாம் திறந்தே வைப்பது, அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப்போவது. முதல் சில வாரங்களுக்கு இது தேவை. மாதக்கணக்கில் நீண்டால், "ஆமாம், அது ஆபத்துதான்" என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய ஒரு சிகிச்சையில் குழந்தையைப் பார்ப்பதே இல்லை, பெற்றோரிடம் மட்டும் பேசி இந்த உபகாரங்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பதற்றக் கோளாறு உள்ள குழந்தைகளிடம் அது, குழந்தைக்கு நேரடியாகத் தரும் சிகிச்சைக்கு இணையான பலன் தந்தது.

திரும்ப லிஃப்ட்டுக்குப் போனது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். 1924-லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் வழி காட்டிவிட்டார். பீட்டர் என்ற, 3 வயதுகூட நிரம்பாத பையனுக்கு முயல் என்றால் பயம். அவனுக்குப் பிடித்த தின்பண்டம் சாப்பிடும்போது கூண்டிலிருந்த முயலை தூரத்தில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் பக்கத்தில் கொண்டுவந்தார். பயப்படாத பிள்ளைகளும் கூட இருந்தார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் விட்டான். நடுவில் ஒரு விஷயம் நடந்தது, அதைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். அவனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வெளியே வரும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்தது. அதுவரை தேறியதெல்லாம் போய்ப் பயம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நாங்களும் அப்படித்தான். லிஃப்ட் வந்து போவதைத் தூரத்திலிருந்து பார்ப்பது. பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிவருவது. கதவு திறந்திருக்கும்போது ஒரு காலை உள்ளே வைத்து எடுப்பது. கதவை நான் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே நின்று பிரேக் எங்கே இருக்கும் என்று கையைக் காட்டுவது. ஒரு மாடி. இன்று எந்தப் படி என்பதை அவனே முடிவு செய்தான். ஒரு படியில் பதற்றம் வந்து, தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்துவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் லிஃப்ட் லேசாகக் குலுங்கியது. அவ்வளவுதான், பல நாள் வேலை போச்சு என்று நினைத்தோம். ஆனால் பீட்டர் கதை தெரிந்திருந்ததால் கலங்கவில்லை, இரண்டு படி கீழே இறங்கித் திரும்ப ஆரம்பித்தோம். இந்த முறை சீக்கிரம் ஏறினான். பழைய பயம் அழிவதில்லை, அதன்மேல் புதிய பழக்கம் ஒன்று படிகிறது. அதனால்தான் எப்போதாவது அது தலை தூக்கும்.

இதற்கு நேர் எதிரானது, அழ அழத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விடுவது. "ஒரு தடவை போனா சரியாயிடும்." எனக்குத் தெரிந்த ஒருவர் தன் மகனை அப்படி நாயின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பையன் இன்று கல்லூரியில் படிக்கிறான், இன்றும் நாய் இருக்கும் வீட்டுக்குப் போவதில்லை. அப்பாவோடு எங்கும் போவதும் குறைவு. "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்வதும் அதே ரகம்தான். அதில் குழந்தை பயத்தை மறைக்கத்தான் பழகும்.

எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் வீட்டோடு சரியாயிற்று. பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில், சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால் எல்லோரும் இல்லை. 2013-ல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடு, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் அறிகுறிகளைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறது. 6 வயதும் அதற்குக் குறைந்ததுமான குழந்தைகளுக்கு அதில் தனி அளவுகோலே உண்டு, அவர்கள் பயத்தை வார்த்தையில் சொல்வதில்லை, நடத்தையில்தான் காட்டுவார்கள் என்பதால். ஒரு மாதம் கழிந்தும் தூக்கம் திரும்பவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறது, விளையாட்டு அதே தடத்தில் சுற்றுகிறது, முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய்விட்டது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்த்துவிடுங்கள். குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ அந்த ஒரு மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே பாருங்கள். வீட்டிலேயே ஒருவரால் குழந்தைக்குக் கொடுமை நடந்திருந்தால் இந்தக் கட்டுரை போதாது. முதலில் அந்த ஆளிடமிருந்து குழந்தையை விலக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான்.

போகும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். சிகிச்சையில் பெற்றோருக்கும் பங்கு உண்டா? நடந்ததைப் பற்றிய பேச்சு குழந்தையின் வேகத்தில் படிப்படியாக நடக்குமா? அதிர்ச்சிக்குள்ளான குழந்தைகளுக்காக ஜூடித் கோஹன், ஆன்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் மூவரும் வகுத்த, நன்கு ஆராயப்பட்ட முறையில் இரண்டும் உண்டு. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்காருங்கள் என்று மட்டும் சொன்னால், வீட்டில் மற்ற நேரமெல்லாம் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.